வாத்தியார் மூக்குக் கிழங்கு

நம் செட்டு நண்பர்களுக்கெல்லாம் ஒரு செய்தி. இனிமேல் என் வீட்டுக்கு வருகிறவர்கள் செருப்பைப் புல்லுக்கு வெளியிலேயே கழற்றிவிட வேண்டும். அருப்புக்கோட்டையில் ஏது புல் என்று கேட்காதீர்கள். என் மருமகள் வரவழைத்திருக்கிறாள். பாய் மாதிரிச் சுருட்டிப் பார்சலில் வந்தது. பச்சைப் பிளாஸ்டிக். விரித்த அன்றே தெருவிலிருந்து ஓர் ஆடு ஏறி வந்து ஒரு வாய் கடித்துப் பார்த்தது. பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. என் சமையலைச் சாப்பிட்டவர்கள்கூட என்னை அப்படிப் பார்த்ததில்லை.

வீட்டுக்கு முன்னால் தகரக் கூரை போட்ட ஓர் இடம் உண்டு. இத்தனை வருடமாக என் பழைய மொபெட்டும் நானும் அங்கே அருகருகே துருப்பிடித்துக்கொண்டிருந்தோம். மகன் துபாய் பக்கம் கிரேன் ஓட்டுகிறான். தீபாவளிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறான். அதற்குள் வாசலைக் கொஞ்சம் மாற்றுகிறேன் என்று மருமகள் ஆரம்பித்தாள்.

"பெருசா ஒண்ணும் இல்ல மாமா. சின்னச் சின்ன வேலைதான். போன்ல பாத்தேன்."

சின்னச் சின்ன வேலையில் முதலில் மொபெட் போனது. அடுத்தது நானோ என்று பயந்து நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். நாற்காலியும் போனது. அந்த இடத்துக்குக் கூடை ஊஞ்சல் ஒன்று வந்தது. அதில் உட்காருவது சுலபம். எழுந்திருக்கத்தான் இரண்டு பேர் வேண்டும். வெயிலைக் குடித்து இரவில் எரியும் சரவிளக்கு வந்தது. புத்தர் தலை வந்தது, தலை மட்டும். கடைசியாக, ஒரு கம்பி வளையத்துக்குள் வெளிறிய பச்சையில், சிலந்தி மல்லாந்து கிடப்பது போன்ற ஒரு செடி. அதை வாசல் நிலைக்கு நேர் மேலே கொக்கியில் மாட்டினாள்.

"ஏர் பிளாண்டு மாமா. மண்ணு வேண்டாம், தொட்டி வேண்டாம். காத்துலயே இருக்கும். அவுக வர்ற வரைக்கும் வாடாது."

வாய் ஓயாத கிழவன் என்று எனக்கு இந்தத் தெருவில் பெயர். அன்றைக்கு அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றேன். காற்றிலேயே இருக்கிற செடி ஒன்றை எனக்கு முன்பே தெரியும். அதைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

அப்போது எங்கள் வீடு திருச்சுழி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளிய கரிசல்காட்டு ஊரில் இருந்தது. அப்பா, அம்மா, அப்பாவின் தம்பியான சித்தப்பா, கல்யாணமாகி வந்து ஒரு வருடம்கூட ஆகாத சித்தி, வீட்டுக்கு ஒரு உபயோகமும் இல்லாத நான். சித்தப்பா லாரி டிரைவர். வத்தலும் பஞ்சும் ஏற்றிக்கொண்டு வடக்கே போவார். பந்தல்குடி தாண்டினால் தெற்கு, காரியாபட்டி தாண்டினால் வடக்கு, அவ்வளவுதான் எங்கள் வீட்டுப் பூகோளம்.

சித்தப்பாவிடம் ஒரு கோளாறு. வீட்டுக்குள் தூக்கம் வராது. லோடு இறக்கிவிட்டு வந்தாலும் சாப்பிட்ட கையோடு, மூச்சு முட்டுகிறது என்று ஊருக்கு வெளியே நிறுத்தியிருக்கிற லாரிக்குப் போய்விடுவார். புதுப் பெண்டாட்டியை விட்டுவிட்டு லாரியில் போய்ப் படுக்கிறானே என்று ஊர் சிரித்தது. சித்தி சிரிக்கவில்லை. யோசித்தாள்.

அந்தக் கோடையில் சித்தப்பா வத்தல் லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பிய அன்று, வேலியில் தோண்டிய ஆகாசக் கருடன் கிழங்கு ஒன்றைக் கொண்டுவந்து, மஞ்சள் குங்குமம் வைத்து, கறுப்புக் கயிற்றில் வாசல் நிலைக்கு மேலே கட்டித் தொங்கவிட்டார். உங்களுக்குத் தெரிந்ததுதான். கண்ணேறு படாமலிருக்க நம் பக்கத்தில் எல்லாரும் கட்டுவார்கள். மண்ணும் இல்லாமல் தண்ணீரும் இல்லாமல் அந்தரத்தில் தொங்கிக்கொண்டே துளிர்விடும். தன்னைத் தானே தின்று வளரும் என்று அம்மா சொல்வாள். எங்கள் வீட்டில் அதற்கு இன்னொரு வேலையும் கொடுத்துவிட்டார் சித்தப்பா.

"இது துளிர்க்கிற வரைக்கும் நான் நல்லாருக்கேன்னு வச்சுக்க. கடுதாசி போடலன்னு மூக்கச் சிந்தாத" என்று சித்தியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அந்தக் கிழங்குக்கு ஒரு பக்கம் புடைப்பாக, நுனி வளைந்து, அசல் எங்கள் கணக்கு வாத்தியார் மூக்கு. கண்டுபிடித்தவன் நான். பள்ளிக்கூடம் லீவு விட்டும் வாத்தியார் வாசலில் தொங்குகிறாரே என்று எனக்கு ஒரே சந்தோஷம். தினமும் காலையில் அதன் அடியில் நின்று, "வணக்கம் சார்" என்று சத்தமாகச் சொல்வேன். சித்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். வீட்டில் என் ஜோக்குக்குச் சிரித்தவள் அவள் ஒருத்திதான். அதனால் அவள் எது சொன்னாலும் செய்வேன்.

அவள் சொன்னது இதுதான்: "ஏலே, அவுகளுக்கு வீட்டுக்குள்ள இருப்புக் கொள்ள மாட்டேங்குது. வாசலயே லாரி மாதிரி ஆக்கிட்டா? அப்பறம் எங்க போவாக?"

மருமகள் போனில் பார்த்ததைச் சித்தி எதிலுமே பார்க்கவில்லை. அவளாக யோசித்ததுதான் எல்லாம். அருப்புக்கோட்டைப் பட்டறையில் கிழித்துப் போட்டிருந்த பழைய லாரி சீட்டு ஒன்றை மாட்டுவண்டியில் வரவழைத்து, கிழிந்த இடங்களைச் சேலைத் துணியால் தைத்து, வேப்பமரத்தடியில் போட்டாள். பட்டறையில் மிஞ்சிய பெயிண்டு டப்பாக்களையும் வாங்கி வந்தாள். சுற்றுச்சுவரில் மஞ்சள் பட்டை அடித்து, லாரிப் பலகையில் இருக்கிற மாதிரியே சிவப்புத் தாமரையும் பச்சை இலையும் வரைந்தாள். வனஸ்பதி டின்களுக்குப் பெயிண்டு பூசி, குரோட்டன்ஸ் வைத்து, வரிசையாகக் கிளையில் தொங்கவிட்டாள். உடைந்த கண்ணாடி வளையல்களை விளக்குச் சுடரில் காட்டி, இளகுகிறபோது வளைத்து, ஒன்றுக்குள் ஒன்றாகக் கோத்துச் சரம் செய்தாள். ஊர்ப் பெண்களிடம் எல்லாம் உடைந்த வளையல் கேட்டு நான்தான் அலைந்தேன். காற்றடித்தால் அந்தச் சரம் கிணுகிணுவென்று பேசும்.

சுவரில் 'ஒலி எழுப்பவும்' என்று எழுதும் பொறுப்பு, வீட்டிலேயே பெரிய படிப்பாளி என்ற முறையில் எனக்கு வந்தது. முதல் எழுத்தை யானை அளவுக்கு எழுதினேன். சுவர் முடிகிற இடத்தில் கடைசி எழுத்து எறும்பாகிவிட்டது. எழுதியபடி ஒலி எழுப்ப, சித்தப்பாவின் பழைய ரப்பர் ஹாரன் ஒன்றையும் சீட்டுக்குப் பக்கத்தில் மரத்தோடு சித்தி கட்டினாள். அதை நான் அழுத்திக்கொண்டே இருந்ததில் அம்மா என்னை ஒருநாள் அடித்த அடியில், என் உள்ளேயும் ஒரு ஹாரன் இருப்பது ஊருக்குத் தெரிந்தது.

"ஏத்தா, இது வீடா, லாரி செட்டா? நாளைக்கு செக்போஸ்ட்டுக்காரன் வந்து நம்ம வாசல்ல நிக்கப் போறான்" என்று அம்மா சித்தியைக் கேலி செய்வாள். ஆனாலும் சாயங்காலம் ஆனால் அந்த சீட்டில் போய்க் காலை நீட்டி உட்காருகிற முதல் ஆள் அம்மாதான்.

சித்தி உட்காரவே மாட்டாள். சீட்டின் வலது பக்கம் டிரைவர் இடம் என்று துண்டு விரித்து வைத்திருந்தாள். அங்கே யாரையும் உட்காரவும் விட மாட்டாள்.

வைகாசி வெயிலில் கரிசல் வெடித்துப் பாளம் பாளமாகப் பிளந்து கிடந்தது. குரோட்டன்ஸுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுச் சித்தி கையில் மிஞ்சியதைக் கிழங்கின் மீதும் தெளிப்பாள். "அதுக்கு ஊத்தக் கூடாது தாயி" என்று அம்மா சொல்வாள். "காஞ்சு தெரியுதுக்கா" என்பாள் சித்தி. நான் கீழே நின்று வாத்தியார் குளிப்பதை வேடிக்கை பார்ப்பேன்.

ஒருநாள் காலை. கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நின்று, "வணக்கம் சார்" என்றேன். மேலே பார்த்தேன். சார் இல்லை. கிழங்கு இருந்தது. மஞ்சள், குங்குமம், கறுப்புக் கயிறு எல்லாம் இருந்தன. மூக்கு இல்லை. உருண்டையாக, மொழுக்கென்று வேறு யாரோ ஒருவர் தொங்கிக்கொண்டிருந்தார். ஏன் என்று தெரியாது, இரண்டு நாள் வணக்கமே சொல்லவில்லை. பின்வாசல் வழியாகப் போய் வந்தேன்.

மூக்கில்லாத கிழங்கு மளமளவென்று துளிர்விட்டது. கொடி சுருண்டு நிலையைப் பிடித்து ஏறியது. பார்த்தவர்களெல்லாம் அப்பாவிடம், "ஒந்தம்பி அங்க ராசா மாதிரி இருக்கான்" என்றார்கள்.

அந்த வாரத்தில்தான் பந்தல்குடியிலிருந்து டீக்கடைப் பாய் வந்தார். லாரிகள் நின்று போகிற கடை அவருடையது. சித்தப்பாவுக்குச் சிநேகிதர். பஸ்ஸைவிட்டு இறங்கி வெயிலில் நடந்து வந்தவர், கொடுத்த தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டே பேசினார்.

"வடக்க ஒரு கவர்மெண்டு ஆஸ்பத்திரியில நம்ம பக்கத்து டிரைவர் ஒருத்தர் அடிபட்டுக் கெடக்காராம். அங்கத்த பாஷை தெரியாம யாரு எவருன்னு சொல்ல ஆளில்லையாம். நேத்து லோடு ஏத்தி வந்த பையன் சொன்னான். எனக்கு மனசு ஒரு மாதிரியா இருக்கு. ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்துருங்க. இன்னைக்கு ஒரு லாரி அந்தப் பக்கம் போகுது. சொல்லி வச்சிருக்கேன்."

அப்பா உடனே எழுந்தார். உள்ளே போய் மஞ்சப்பையில் ஒரு வேட்டி, ஒரு துண்டு வைத்து எடுத்துக்கொண்டு வந்தார். அம்மா கிணற்றுக்குப் போயிருந்தாள். சித்தி கதவுக்குப் பின்னால் நின்றாள். புருஷனின் அண்ணனிடம் அவள் நேராகப் பேசியதே கிடையாது. எது சொல்வதானாலும் அம்மா வழியாகத்தான். கதவில் அவள் விரல்கள் மட்டும் தெரிந்தன.

செருப்பை மாட்டிய அப்பா, நிலையைத் தாண்டும்போது பழக்கத்தில் மேலே பார்த்தார். அன்றைக்குப் புதிதாக ஒரு துளிர் விட்டிருந்தது. இலை இன்னும் விரியவில்லை. வெயில் அதன் வழியாகத் தெரிந்தது.

நின்றுவிட்டார்.

"பாய், இங்க பாருங்க. இப்பிடித் துளிர்த்துக் கெடக்கு. அது வேற யாரோ."

"கெழங்கு கெடக்கட்டும். ஆளப் போய்ப் பாத்துட்டு வந்துட்டா மனசு சமாதானமாகும்ல?"

"என் தம்பி கையால கட்டுனது பாய். அது பொய் சொல்லாது."

அப்போதுதான் நான் சொன்னேன். "அப்பா, இது அந்தக் கெழங்கு இல்ல. வாத்தியாருக்கு மூக்கக் காணோம்."

முதல் சிரிப்பு கதவுக்குப் பின்னாலிருந்து வந்தது. பெரிய சிரிப்பு. அவள் அப்படிச் சத்தமாகச் சிரித்து நான் கேட்டதில்லை. உடனே அப்பா சிரித்தார். விஷயம் புரியாத பாய்கூடச் சிரித்தார்.

"மூக்கறுந்த வாத்தியாராம்! இவனுக்கு எல்லாமே வெளையாட்டு" என்று அப்பா என் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். மஞ்சப்பையை உள்ளே கொண்டுபோய் ஆணியில் மாட்டினார்.

என் ஆயுளில் எத்தனையோ ஜோக் அடித்திருக்கிறேன். பாதிக்கு மேல் யாரும் சிரிக்கவில்லை, உங்களுக்கே தெரியும். ஜோக் அடிக்காத ஒரே ஒரு தடவை எல்லாரும் சிரித்தார்கள்.

ஆடி மாதம் காற்று மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்தபோது சித்தப்பாவின் கிளீனர் வந்தான். ஒரு கையைத் துணியில் தொட்டில் கட்டியிருந்தான். அடையாளம் தெரியாத அளவுக்கு இளைத்திருந்தான். இன்னொரு கையில் சித்தப்பாவின் கட்டம்போட்ட லுங்கி மடித்து இருந்தது. அதைக் கொடுத்துவிட்டு மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"லாரி கவுந்து ஒரு மாசத்துக்கு மேல உசுரோடதாண்ணே இருந்தாக" என்றான் அப்பாவிடம். "எங்கண்ணன் வந்துரும், எங்கண்ணன் வந்துரும்னு ஆஸ்பத்திரி வாசலயே பாத்துக்கிட்டுக் கெடந்தாக."

உடம்பு வரவில்லை. அங்கேயே முடித்துவிட்டார்கள். துட்டி கேட்க வந்தவர்கள் எல்லாரும் சித்தி செய்து வைத்த வாசலில்தான் உட்கார்ந்தார்கள். அவ்வளவு பேர் உட்கார நிழலும் இடமுமாக அந்த ஊரில் வேறு வாசல் இல்லை. தாமரைப் பூக்களுக்கு அடியில் ஆண்கள் வரிசையாகச் சாய்ந்திருந்தார்கள். "வாசல் லட்சணமா இருக்கு, அனுபவிக்கக் குடுத்து வைக்கல" என்று யாரோ சொன்னார்கள். பெண்கள் சித்தியின் கையிலிருந்த வளையல்களை உடைத்தார்கள். துண்டுகள் சரத்துக்குக் கீழேயே விழுந்தன. மேலே சரம் கிணுகிணுவென்று பேசிக்கொண்டிருந்தது.

ஹாரனை யாரும் அவிழ்த்திருக்கவில்லை. தூரத்துச் சொந்தம் ஒருவர், கனத்த உடம்பு, இடமில்லாமல் டிரைவர் துண்டு மேலேயே போய் உட்கார்ந்து, மரத்தில் சாய்ந்தார். முழங்கை பட்டது.

பாம்.

அழுகை அப்படியே நின்றது. எல்லாத் தலைகளும் தெருவைப் பார்த்தன. எல்லாருக்கும் தெரியும், யாரும் வரப்போவதில்லை என்று. ஆனாலும் பார்த்தார்கள். சித்தி எழுந்தாள். கலைந்த முந்தானையைச் சரிசெய்துகொண்டு வாசற்படி வரைக்கும் போனாள். தெரு காலியாக இருந்தது. மண் சுழன்றுகொண்டிருந்தது. அம்மாதான் போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள்.

நண்பர்களே, அந்தச் சத்தம் எனக்கு இன்னும் போகவில்லை. பைபாஸில் எந்த லாரி அடித்தாலும் தெருவைப் பார்க்கிறேன். காது மந்தம் என்று டாக்டர் சொல்கிறார். அந்தச் சத்தத்துக்கு மட்டும் மந்தமில்லை.

அப்பா எல்லாவற்றையும் தன் கையாலேயே பிரித்தார். சுண்ணாம்பு அடித்துத் தாமரையை மூடினார். மழை பெய்தால் மட்டும் 'ஒ' என்கிற அந்த யானை எழுத்து சுவரில் எழும்பி வரும். கிழங்கை அவர் தொடவில்லை. யாரும் தொடவில்லை. சித்தி மல்லாங்கிணற்றுக்குத் தன் அண்ணன் வீட்டோடு போன பிறகும் அது யாரும் உட்காராத வாசலில் துளிர்விட்டுக்கொண்டே இருந்தது. ஐப்பசியில்தான் விழுந்தது. அப்பா சாகிற வரைக்கும் அந்த நிலையைத் தலை குனிந்துதான் தாண்டினார். நிலை தாழ்வு போல என்று வந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

என் கல்யாணப் பத்திரிகை கொடுக்க மல்லாங்கிணற்றுக்குப் போனேன். சித்தி இருந்த வீட்டின் வாசலில் கோலம்கூட இல்லை. காபி கொடுத்தாள். பத்திரிகையைக் கண்ணிலிருந்து எட்டப் பிடித்துப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் ஒரு டின்னைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். மஞ்சள் பெயிண்டு பூசிய பழைய வனஸ்பதி டின். மூடியைத் திறந்தாள். உள்ளே துணியில் சுற்றி, கறுத்துச் சுருங்கி, பாதி உளுத்துப்போன ஒன்று. மூக்கு மட்டும் அப்படியே.

"சாரத் தெரியுதாலே?" என்றாள்.

விரலால் அந்த மூக்கைத் தொட்டேன். அவள் சொன்னாள்.

"தண்ணி தெளிச்சே அழுக வச்சுட்டேன். எல்லாரும் வேண்டாம்னுதான் சொன்னாக. வெயிலு அப்பிடி அடிச்சுச்சு, மனசு கேக்கல. ஒருநா பாத்தா, தொட்ட எடமெல்லாம் அமுங்குது. பயந்துபோயி வேலியில தோண்டி வேறொண்ணக் கட்டுனேன். அவுக கட்டுன கெழங்கு செத்துப்போச்சுன்னு எந்த வாயால சொல்லுவேன்?"

"அப்பா பையத் தூக்குன அன்னைக்கு..."

"அன்னைக்கு வாயத் தொறந்துட்டேன்லே. உங்கம்மா இல்ல. நேராவே சொல்லிருவோம்னு கதவுக்கு வெளிய ஒரு கால வச்சுட்டேன். அதுக்குள்ள நீ சொல்லிட்ட. அப்பாடான்னு இருந்துச்சு. இனி நாஞ் சொல்ல வேண்டாம்னு."

"எல்லாரும் சிரிச்சாக."

"நாந்தான் மொதல்ல சிரிச்சேன்" என்றாள். "ஏன் சிரிச்சேன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல."

மூடியை அழுத்தி மூடினாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவளே என்னை எழுப்பி அனுப்பினாள். கல்யாணத்துக்கு வரவில்லை. இப்போது அவளும் இல்லை. அந்த டின் என்ன ஆனது என்று கேட்க எனக்குத் தைரியம் வந்ததில்லை.

இந்தக் கதையை என் மருமகளிடம் நான் சொன்னதே கிடையாது. சொன்னால் என்னையும் மொபெட்டோடு அனுப்பிவிடுவாள் என்பது ஒரு காரணம்.

அவள் மாட்டிய அந்தக் காற்றுச் செடியின் ஓர் இலை மட்டும் பக்கவாட்டில் சுருண்டு, ஒற்றை மீசை மாதிரி இருந்தது. எனக்குப் புத்தி எங்கே போகும்? தினமும் காலையில் ஊஞ்சலிலிருந்து எழ முயற்சி செய்தபடியே மேலே பார்த்து, "வணக்கம் ஏட்டையா" என்பேன். மருமகள் உள்ளேயிருந்து சிரிப்பாள்.

போன வாரம் ஒரு காலை. மேலே பார்த்தேன். செடி இருந்தது. பச்சையாக, தெம்பாக இருந்தது. மீசை இல்லை.

"என்னம்மா, ஏட்டையா மீசைய எடுத்துட்டாரா?" என்றேன்.

சிரித்தாள். ஒரு மடங்கு கூடுதலாகச் சிரித்தாள். "உங்க நக்கலுக்கு அளவே இல்ல மாமா" என்று சொல்லிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நான் ஊஞ்சலிலிருந்து யார் துணையும் இல்லாமல் எழுந்தேன். எப்படி எழுந்தேன் என்று தெரியாது. போனை எடுத்து மகனைக் கூப்பிட்டேன். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. அந்த நேரத்தில் எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை.

"என்னப்பா? டூட்டியில இருக்கேன். நேத்துத்தான பேசுனோம்? ஏதும் பிரச்சனையா?"

"ஒண்ணுமில்லடா. சும்மாதான். குரல் கேக்கலாம்னு."

"உடம்பு நல்லாருக்கீகளா? ஒரு மாதிரி பேசுறீக."

"எனக்கென்ன. புல்லுல படுத்துக் கெடக்கேன். நீ நல்லாருக்கியா?"

"நல்லாருக்கேன்ப்பா. வாசல் எப்பிடி வந்துருக்கு? போட்டோ அனுப்பச் சொன்னேன், அவ அனுப்பவே இல்ல."

"ஜோரா இருக்கு. நீ வந்து உக்கார வேண்டியதுதான் பாக்கி. வந்து உக்காரு."

வைத்துவிட்டுத் திரும்பினால், கதவுக்குப் பின்னால் மருமகள் நின்றாள். விரல்கள் மட்டும் தெரிந்தன.

"என்ன மாமா சொன்னாக?"

"நல்லாருக்கானாம்."

அவள் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

"பழைய செடியத் தூக்கிப் போட்டுட்டியாம்மா?" என்று கேட்டேன்.

சரவிளக்கின் கம்பி காற்றில் தகரத்தில் பட்டுப் பட்டுச் சத்தம் போட்டது.

"இல்ல மாமா" என்றாள். "உள்ள ஒரு டப்பாவுல போட்டு வச்சிருக்கேன்."